மலம்புழா சீசன்: எல்லைப்புறத்தில் இருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக்குப் பொள்ளாச்சியிலிருந்து உறவினர்கள் வந்தால், மறுநாள் காலை காபி ஆறுவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடும்: "மலம்புழாவுக்கு எப்போது கிளம்பலாம்?" சிறுவயதிலிருந்து பெரியப்பா குடும்பத்தோடும், பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவிலும், பிறகு என் பிள்ளைகளோடும் எத்தனையோ முறை போய் வந்துவிட்டேன். இருந்தும் ஒவ்வொரு முறையும் வாசலில் வெயிலில் வாடி நிற்கும் குடும்பங்களைப் பார்க்கிறேன். மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்து இறங்கி, இருக்கிற டிக்கெட்டையெல்லாம் வாங்கி, எதையும் முழுதாகப் பார்க்காமல், விளக்கு எரிவதற்குள் திரும்பிப் போகிறவர்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பாலக்காட்டுக்கு அருகே மலம்புழா என்று நாம் ஒரே சொல்லில் சொல்கிற இடத்தில் அணை, பூங்கா, ரோப்வே, பாறைத் தோட்டம், மீன் காட்சியகம், பாம்புப் பண்ணை, வழியில் ஃபேன்டசி பார்க் என்ற விளையாட்டுப் பூங்கா என்று பலவும் சேர்ந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மூலம் ஒன்றுதான்: தண்ணீர். அது எப்போது வரும், எங்கே நிற்கும், எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்துகொண்டு போனால் அன்றைய நாள் தானாக ஒழுங்காகிவிடும்.

முதல் படி: எந்த சீசனுக்குப் போகிறீர்கள்?

மலம்புழாவுக்கு இரண்டு சீசன்கள் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை.

ஒன்று, அணையின் சீசன். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் மலைகளின் நீர் இறங்கத் தொடங்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் நீர்த்தேக்கம் விரிந்து மலையடிவாரத்தைத் தொடும். முழுக் கொள்ளளவு என்பது கடல் மட்டத்திலிருந்து 115.06 மீட்டர். நீர்மட்டம் அதை நெருங்கும்போது 'மலம்புழா ஷட்டர் திறப்பு' என்று செய்தி வரும். மொத்தம் நான்கு ஷட்டர்கள். அவற்றை சென்டிமீட்டர் கணக்கில்தான் உயர்த்துவார்கள். சில சென்டிமீட்டர் இடைவெளியில் வெளியேறும் நீரின் இரைச்சலைக் கேட்டால், முழுதாகத் திறந்தால் என்னவாகும் என்று நெஞ்சு ஒருகணம் அடித்துக்கொள்ளும். 2018 ஆகஸ்டில் அப்படி ஒரு நிலை வந்தது. ஷட்டர்களை அதிகமாக உயர்த்த நேர்ந்து, கல்பாத்திப் புழை என்ற ஆறு கரைமீறி, பாலக்காட்டின் தாழ்வான பகுதிகளுக்குள் நீர் புகுந்தது. அதனால், சிவப்பு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாட்களில் போகவே வேண்டாம். ஷட்டர் திறந்ததைப் பார்க்கும் ஆசை இருந்தால், மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் போகலாம்.

மற்றொன்று, விளையாட்டுப் பூங்காவின் சீசன். ஏப்ரல், மே விடுமுறையில் ஃபேன்டசி பார்க்கில் கூட்டம் அலைமோதும். அதே நேரத்தில் அணையில் நீர் வற்றி, செம்மண் கரை வெளியே தெரியும். பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும் காலம் அது. அந்த மாதங்களில் அணையைப் பார்க்கப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். பிள்ளைகள் தண்ணீரில் விளையாடினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு அதுவே சரியான காலம்.

என்னைக் கேட்டால் அக்டோபரிலிருந்து ஜனவரி முதல் பாதி வரை சொல்வேன். தேக்கத்தில் நீர் இருக்கும், மலை பச்சையாக இருக்கும், மழை தொந்தரவும் குறைவு. டிசம்பர், ஜனவரியில் மட்டும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து உலர்ந்த காற்று பலமாக வீசும். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கேதான் பல கிலோமீட்டர் அகலத்துக்கு வாய்பிளந்து நிற்கிறது. நம் கொங்குநாட்டுக் காற்று முழுவதும் அதன் வழியாகத்தான் கேரளத்துக்குள் நுழைகிறது. கைக்குழந்தை இருந்தால் காதுக்கு ஒரு துணி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓணம், காணும் பொங்கல் ஆகிய நாட்களில் விளக்கு அலங்காரம் சிறப்பாக இருக்கும். கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். வயதானவர்களோடு போகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: போகும் வழியும் காலை இட்லியும்

கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் வந்தால் பாலக்காடு சந்திப்பில் இறங்க வேண்டும். ஊர்க்காரர்கள் அதை ஒலவக்கோடு என்பார்கள். அங்கிருந்து மலம்புழா பத்து கிலோமீட்டருக்கும் குறைவு. பஸ்ஸும் ஆட்டோவும் கிடைக்கும். பொள்ளாச்சி வழியாக ரயிலில் வருபவர்கள் பாலக்காடு டவுன் நிலையத்தில் இறங்கி, நகரத்திலிருந்து மலம்புழா பஸ் பிடிக்கலாம். சாலை வழியாக என்றால் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு வாளையார், கஞ்சிக்கோடு. எங்கள் பக்கத்தவர்களுக்குக் கொழிஞ்சாம்பாறை, ஏலப்புள்ளி.

எந்த வழியில் வந்தாலும் சொந்த வண்டி இருந்தால் ராமசேரிக்குப் போகாமல் வராதீர்கள். ஏலப்புள்ளிக்கு அருகில் இருக்கும் சிறிய ஊர். பல தலைமுறைகளுக்கு முன்பு தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் இங்கே ஒரு தனி வகை இட்லி செய்கின்றன. நம் குழிவான இட்லித் தட்டு அங்கே கிடையாது. மண்வளையத்தின் வாயில் நூலால் வலைபோல் பின்னி, அதன்மேல் ஈரத் துணியை விரித்து, மாவை வட்டமாக ஊற்றுவார்கள். அப்படிப்பட்ட வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பானையின் மேல் அடுக்கி, விறகு அடுப்பில் ஆவியில் வேகவைப்பார்கள். துணியோடு தூக்கி இலையில் கவிழ்த்து, துணியை மெல்ல உரிக்கும்போது இட்லியின் அடியில் நூலின் கட்டம் அச்சாகப் பதிந்திருக்கும். தோசைபோல் தட்டையாகத் தெரியும். கையில் எடுத்தால் பஞ்சு. தேங்காயெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடியோடு சாப்பிட வேண்டும். இந்த எல்லைப்புறத்தில் தமிழும் மலையாளமும் எப்படிக் கலந்து கிடக்கின்றன என்று யாராவது கேட்டால், நான் அந்த இலையைத்தான் காட்டுவேன்: இட்லி நம்முடையது, எண்ணெய் அவர்களுடையது.

மொழியைப் பற்றி ஒரு குறிப்பு. டிக்கெட் கொடுப்பவரிலிருந்து கடைக்காரர் வரை தமிழ் புரிந்துகொள்வார்கள். ஓட்டலில் "வெள்ளம் வேணோ?" என்று கேட்டால் திகைக்க வேண்டாம், குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார்கள். அந்த வெந்நீர் இளஞ்சிவப்பாக இருந்தாலும் அஞ்ச வேண்டாம், அது பதிமுகம் என்ற மரத்தின் துண்டுகளைப் போட்டுக் கொதிக்கவைத்த நீர்.

மூன்றாம் படி: பிள்ளைகள் இருந்தால் முதலில் ஃபேன்டசி பார்க்

அணைக்குப் போகும் வழியிலேயே ஃபேன்டசி பார்க் வந்துவிடும். கேரளத்தில் இவ்வகைப் பூங்காக்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. கொச்சியில் வீகாலேண்ட் 2000இல் திறக்கப்பட்டு, பின்னாளில் வொண்டர்லா ஆனபிறகு பெரிய ராட்டினங்களைத் தேடுகிறவர்கள் அங்கே போகத் தொடங்கினார்கள். ஆனாலும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஃபேன்டசி பார்க் அளவான இடம். பெற்றோர் ஒரு மரநிழலில் நின்றே பிள்ளையைக் கண்காணிக்க முடியும்.

இங்கே வரிசை முக்கியம். முதலில் நனையாத ராட்டினங்கள், பிறகு தண்ணீர்ச் சறுக்குகள், கடைசியில் அலைக்குளம். வரிசையை மாற்றினால் ஈரத் துணியோடு ராட்டினத்துக்குக் காத்திருந்து பிள்ளைகள் நடுங்குவார்கள். பொதுவாக நீர்ப் பூங்காக்களில் பருத்தித் துணியோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள்; நைலான் உடையை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். பெண்கள் சேலையோடு வந்து பிறகு வாடகை உடைக்கு அலைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சறுக்குகளில் உயர அளவு வைத்திருப்பார்கள். "இன்னும் இரண்டு விரல்தானே குறைகிறது" என்று ஊழியரிடம் வாதாட வேண்டாம். அந்த அளவு பிள்ளையின் கழுத்தையும் முதுகையும் காக்க வைத்தது.

மூன்று மணிக்கு வெளியே வந்துவிடுங்கள். பிள்ளைகள் வரமாட்டோம் என்று அழுவார்கள். ரோப்வே என்ற ஒரு சொல்லைச் சொன்னால் கிளம்பிவிடுவார்கள்.

பிள்ளைகள் இல்லாதவர்கள் இந்தப் படியைத் தாண்டி, காலையிலேயே நேராக அணைக்குப் போகலாம்.

நான்காம் படி: அணை மேலே ஏறுங்கள்

பூங்காவுக்குள் நுழைந்ததும் எல்லோரும் பூக்களின் பக்கம் திரும்புவார்கள். நீங்கள் முதலில் அணைக்குப் போங்கள். மேலே நடக்க அனுமதிக்கும் நேரத்தை வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், அது மாறக்கூடியது.

இந்த அணையின் வரலாறு தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. அன்றைய பாலக்காடு மலபார் மாவட்டத்தில், சென்னை மாநிலத்துக்குள் இருந்தது. 1949இல் சென்னை அரசு கட்டத் தொடங்கிய அணை, 1955 அக்டோபர் 9ஆம் தேதி முதலமைச்சர் காமராஜரால் திறந்துவைக்கப்பட்டது. பதின்மூன்று மாதம் முடிவதற்குள், 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, மலபாரோடு அணையும் கேரளத்துக்குச் சென்றது. என் தாத்தா காலத்தவர்கள் இதை இழப்பாகவும் சொன்னதில்லை, வெற்றியாகவும் சொன்னதில்லை. "காமராஜர் திறந்த அணை" என்று மட்டும் சொல்வார்கள்.

கல்லணைப் பகுதியும் மண்ணணைப் பகுதியும் சேர்ந்து இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். பாரதப்புழையின் கிளையான கல்பாத்திப் புழையில் போய்ச் சேரும் மலம்புழா ஆற்றைத்தான் இங்கே மறித்திருக்கிறார்கள். இடதுகரை, வலதுகரை என்று இரண்டு கால்வாய்கள் இங்கிருந்து கிளம்பிப் பாலக்காட்டு வயல்களுக்குப் போகின்றன. கேரளத்தின் நெற்களஞ்சியம் என்று பாலக்காட்டுக்குப் பெயர் நிலைத்திருப்பதில் இந்த நீருக்குப் பெரும் பங்கு உண்டு. பாலக்காட்டு நகரம் குடிப்பதும் இந்தத் தண்ணீர்தான்.

எங்கள் கிழக்குச் சித்தூர்ப் பகுதிக்கு இந்த நீர் வராது. எங்களுக்குப் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் சித்தூர்ப் புழைக்கு விடும் பங்குதான். அதற்காக ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மாநிலங்களின் பேச்சுவார்த்தையை எதிர்பார்த்திருக்கிறோம். என் அப்பா விவசாயி. அவரை முதன்முதலில் அணை மேலே அழைத்துப்போனபோது அவர் பூங்காவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கைப்பிடிச் சுவரில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, தேக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து, "எவ்வளவு தண்ணீர்" என்றார். அணையின் ஒரு பக்கம் மலைவரை பரந்த நீர், மறுபக்கம் அதே நீரால் வளர்ந்த பூங்கா. நடுவில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். அதற்குப் பிறகு கீழே இறங்கினால் ஒவ்வொரு பூச்செடியும் வேறு மாதிரி தெரியும்.

ஐந்தாம் படி: யக்ஷிக்கு அரைமணி நேரம் கொடுங்கள்

பூங்காவின் நடுவில் முப்பது அடி உயரத்தில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். ஆடையில்லை. கால்களை அகல நீட்டி, இரண்டு கைகளையும் தூக்கிக் கூந்தலுக்குள் செலுத்தி, முகத்தை வானத்துக்கு நிமிர்த்தியிருக்கிறாள். யக்ஷி என்ற இந்தச் சிற்பத்தைச் செய்தவர் கானாயி குஞ்ஞிராமன். முடித்த ஆண்டு 1969. காசர்கோட்டுப் பக்கத்தில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் பயின்று, லண்டன் சென்று திரும்பியவர். அப்போது அவருக்கு வயது முப்பதைச் சற்றுத் தாண்டியிருந்தது. இப்படி ஒரு நிர்வாண உருவமா என்று செய்துகொண்டிருக்கும்போதே எதிர்ப்பு கிளம்பியது. அவர் பின்வாங்கவில்லை. இன்று கேரளத்தின் பொதுவெளிச் சிற்பங்களில் முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

நம்மவர்கள் பலர் இங்கே வந்ததும் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தி வேகமாக நடக்கிறார்கள். இளைஞர்கள் சிலர் சிரித்துப் படமெடுத்துவிட்டுப் போகிறார்கள். இரண்டும் எனக்கு வருத்தம் தருகின்றன.

யக்ஷி யார் என்று எங்கள் ஊர்ப் பாட்டிகளிடம் கேட்டால் தெரியும். நிலவு காயும் இரவில் பனைமரத்தடியில் நின்று, தனியாகப் போகிறவனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பவள். கொடுக்க நெருங்கியவனின் எலும்பும் மயிரும்தான் மறுநாள் மரத்தடியில் கிடக்கும். நம் பழையனூர் நீலியின் உறவுக்காரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலக்காடு பனைகளின் நாடு. கஞ்சிக்கோட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறைவரை வரப்பெல்லாம் பனை. இந்தக் கதை அந்த மண்ணில் முளைத்தது. இரவில் பதுங்கிக் காத்திருந்தவளைச் சிற்பி நட்டநடுப் பகலில், மலைக்கு முன்னால், மலையைப்போலவே உட்கார்த்திவைத்தார். அருகில் போய்ப் பாதத்திலிருந்து மேலே பாருங்கள். முழங்கால்கள் இரண்டு குன்றுகள். தூக்கிய முழங்கைகள் பின்னாலுள்ள மலைமுகடுகளோடு ஒரே கோட்டில் சேரும். மாலை நான்கரை மணிக்கு மேல் சாய்ந்த வெயில் விழும்போது அவள் முகத்தின் பாதி நிழலில் இருக்கும். அந்த நேரத்தில் அவளிடம் கோபமா தவமா என்று சொல்ல முடியாது.

பிள்ளைகள் கேட்டால் சுண்ணாம்புக் கதையைச் சொல்லுங்கள். என் மகள் ஐந்து வயதில் கேட்டது, "அவளுக்குக் குளிராதா?" என்பது மட்டும்தான்.

ஆறாம் படி: ரோப்வே, பாறைத் தோட்டம், மற்றவை

ரோப்வேயில் இருவர் அமரும் தொங்கு இருக்கைகள். கால்வாய், தொங்குபாலம், யக்ஷி எல்லாம் காலடியில் நகரும். இருட்டுவதற்கு முன்பே ஏறிவிடுங்கள். விடுமுறை நாளில் உள்ளே வந்தவுடன் வரிசையின் நீளத்தைப் பார்த்து முடிவெடுங்கள். காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள். செருப்பைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஏறுவது நல்லது, ஒற்றைச் செருப்போடு இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாறைத் தோட்டத்தை நிதானமாகப் பாருங்கள். சண்டிகரில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்துக்கொண்டே, கழிவுப் பொருட்களால் யாருக்கும் தெரியாமல் ஒரு தோட்டத்தை உருவாக்கிய நேக் சந்தின் கைவண்ணம் இங்கேயும் இருக்கிறது. உடைந்த ஓடு, பீங்கான், பழைய தகரம், கண்ணாடி வளையல். ஒரு சுவரில் வளையல் துண்டுகளைச் செங்குத்தாக நெருக்கிப் பதித்திருப்பதைக் குனிந்து பாருங்கள்: பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று ஒவ்வொன்றும் யாரோ ஒரு பெண்ணின் கையில் உடைந்தது. வெயில் பட்டால் சுவர் முழுவதும் மினுங்கும்.

மீன் காட்சியகம் மீன் வடிவக் கட்டடத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கட்டடமே போதும். பாம்புப் பண்ணைக்கு இருபது நிமிடம். படகுச் சவாரி நீர்மட்டத்தைப் பொறுத்தது. பசித்தால் வாசலுக்கு வெளியே மீன் வறுக்கும் கடைகள் உண்டு, கண்ணெதிரே வறுப்பதை மட்டும் வாங்குங்கள்.

ஏழாம் படி: வண்டி இருந்தால் கவா

நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் போகும் சாலையில் சில கிலோமீட்டர் போனால் கவா. டிக்கெட் கிடையாது, ராட்டினம் கிடையாது. பனைகளுக்கு அப்பால் நீர், நீருக்கு அப்பால் மலை, மலைமேல் மேகம். மழை அந்த மலையிலிருந்து நீர்மேல் நடந்து வருவதை நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். முதலில் நீரின் நிறம் மாறும், பிறகு ஓசை வரும், பிறகுதான் துளி. இதைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். மாலை இருட்டியபின் அங்கே நிற்கக் கூடாது. இது யானைகள் இறங்கும் பகுதி. பக்கத்தில் தோணி என்ற ஊரில் தொல்லை கொடுத்த கொம்பன் யானை ஒன்றை வனத்துறை 2023 ஜனவரியில் பிடித்தது.

அழகாகத் தெரிகிற பாறைகளில் ஏறவும் வேண்டாம். 2022 பிப்ரவரியில் மலம்புழாவை அடுத்த செராடு மலையில் ஏறிய ஓர் இளைஞர் செங்குத்துப் பாறையின் பொந்து ஒன்றில் சிக்கி, சோறு தண்ணீர் இல்லாமல் ஏறத்தாழ இரண்டு நாள் கிடந்தார். ராணுவத்தினர் வந்து கயிறு கட்டித்தான் அவரை மேலே தூக்கினார்கள். அது வனத்துறையின் நிலம், அனுமதியின்றி நுழைந்தால் வழக்கும் உண்டு.

எட்டாம் படி: விளக்கும் கடைசி பஸ்ஸும்

பொழுது சாய்ந்ததும் பூங்காவில் விளக்குகள் எரியும், நீரூற்றுகள் ஓடும். வார இறுதியிலும் பண்டிகை நாளிலும் அலங்காரம் கூடுதல். கூட்டம் நீரூற்றைச் சுற்றி நிற்கும்போது நீங்கள் தொங்குபாலத்துக்குப் போங்கள். கீழே கால்வாய் நீரில் விளக்குகள் நீளமாக இழுபட்டு நடுங்கும். பாலமும் நடுங்கும், பெரியவர்கள் கைப்பிடிக் கம்பியை விடாமல் நடக்கட்டும்.

பஸ்ஸில் வந்தவர்கள் மலம்புழாவில் இறங்கியவுடனேயே பாலக்காட்டுக்குத் திரும்பும் கடைசி பஸ் எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதோடு பாலக்காட்டிலிருந்து உங்கள் ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸையும் கேளுங்கள். பலர் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொண்டு, இரவு பத்து மணிக்குப் பேருந்து நிலையத்தில் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை அப்படி நாங்களும் உட்கார்ந்திருந்தோம்.

நாங்கள் வீடு சேரும்போது அப்பா திண்ணையில் விழித்திருப்பார். இப்போது அவரால் படியேற முடிவதில்லை, வருவதில்லை. பிள்ளைகள் ரோப்வேயைப் பற்றிச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவர்கள் உள்ளே போனதும் என்னிடம் கேட்பார்: "எத்தனை ஷட்டர் திறந்திருந்தது?"